கணினி கேள்வி – பதில்: ஓர் ஆப்ஷனுக்குப் பல மதிப்புகள்

கட்டளை வரியில் இயங்கும் ஸ்கிரிப்டுகளைப் பற்றிக் குமரி மாவட்டத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கட்டளைச் சொற்களும் இங்கே தமிழ் எழுத்திலேயே அச்சிடப்பட்டுள்ளன. பைதான் நிரல்மொழிக்கும், டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்களில் ஒன்றான பாஷுக்கும் உரிய சொற்களை டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். பைதான் 3-இல் --நிலையம் போன்ற ஆப்ஷன் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் தமிழில் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பாசன சங்கத்துக்காக, அணைகளிலும் மழைமானி நிலையங்களிலும் தினமும் பதிவாகும் மழையளவை மாதத்துக்கு ஒரு சிஎஸ்வி கோப்பாகச் சேர்த்து வருகிறேன். நிலையத்தின் பெயரைக் கொடுத்தால் அந்த மாதத்தின் மொத்த மழையைக் கூட்டிச் சொல்லும் ஒரு ஸ்கிரிப்டைப் பைதானில், கட்டளை வரியைப் பிரித்துத் தரும் ஆர்க்பார்ஸ் மாட்யூலைக் கொண்டு எழுதியிருக்கிறேன். இப்போது பேச்சிப்பாறை, பெருஞ்சாணி இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். --நிலையம் என்பதை இரண்டு முறை எழுதினால் பெருஞ்சாணியின் அளவு மட்டும் வருகிறது. ஒரே --நிலையத்துக்குப் பின்னால் இரண்டு பெயர்களையும் எழுதினால், கோப்பின் பெயரைக் காட்டி அது என்னவென்று தெரியவில்லை என்று பிழை வருகிறது. எது சரியான வழி?
– பூதப்பாண்டியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இரண்டு விளைவுகளுக்கும் காரணம் ஒன்றுதான். நீங்கள் அடிக்கும் வரியை முதலில் வாசிப்பது ஷெல். அது இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வரியைத் துண்டாக்கி, அந்தத் துண்டுகளை வரிசை மாறாமல் பைதானிடம் ஒப்படைக்கிறது. எந்தத் துண்டு எந்த ஆப்ஷனுக்கு உரியது என்பது ஷெல்லுக்குத் தெரியாது. அதைப் பிரித்தறிவது ஆர்க்பார்ஸின் வேலை. நாம் வேறு எதுவும் சொல்லாதவரை ஆர்க்பார்ஸ் ஓர் ஆப்ஷனுக்கு ஒரு மதிப்பை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அதே ஆப்ஷன் மறுபடியும் வந்தால் பழைய மதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்கும். பேச்சிப்பாறை காணாமல் போனது இப்படித்தான். ஒரே ஆப்ஷனுக்குப் பின்னால் இரண்டு பெயர்களை எழுதியபோதோ, முதல் பெயர் ஆப்ஷனுக்குப் போயிற்று. இரண்டாவது பெயரான பெருஞ்சாணி, கோப்புக்கென்று நீங்கள் ஒதுக்கிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மையான கோப்புக்கு இடமில்லாமல் போகவே அதன் பெயரைச் சொல்லிப் பிழை வந்தது.

இவ்விரண்டில் எனக்குக் கவலை தருவது பிழை காட்டிய இரண்டாவது வகை அல்ல, பிழையே காட்டாத முதல் வகைதான். சங்கத்தில் இருப்பவர்கள் அந்த எண்ணை இரண்டு அணைகளின் மொத்தம் என்று நம்பிக் குறித்துக்கொள்வார்கள். பார்வைக்கு அது பொருத்தமான எண்ணாகவே இருக்கும். பல மதிப்புகளை ஏற்கும் ஆப்ஷனை அமைக்கும்போது, எந்த மதிப்பும் சத்தமில்லாமல் விழுந்துவிடாத முறையைத்தான் முதலில் தேட வேண்டும். தட்டச்சு செய்பவருக்குச் சில எழுத்துகள் மிச்சமாகின்றனவா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வகையில் நான் பரிந்துரைப்பது, ஒவ்வொரு மதிப்புக்கும் ஆப்ஷனை ஒரு முறை எழுதும் வழி. ஆப்ஷனை அறிவிக்கும் வரியில் ஆக்‌ஷன் என்பதற்கு 'அப்பெண்ட்' என்று கொடுத்துவிட்டால் போதும். அதன்பின் இப்படி எழுதலாம்:

பைதான்3 மழை.பை --நிலையம் பேச்சிப்பாறை --நிலையம் பெருஞ்சாணி அக்டோபர்.சிஎஸ்வி

இப்போது ஸ்கிரிப்டுக்குள் உங்களுக்குக் கிடைப்பது ஒரு பெயர் அல்ல, ஒரு லிஸ்ட். ஒரே ஒரு நிலையத்தைக் கொடுத்தாலும் லிஸ்டாகவே வரும் என்பதால், பெயரை நேராக ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய வரிகளை, லிஸ்டுக்குள் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் வரிகளாக மாற்றுங்கள். ஆப்ஷனை யாரும் எழுதாவிட்டால் காலி லிஸ்ட் வராது, 'நன்' என்ற வெற்று மதிப்புதான் வரும். அதை அப்படியே லூப்பில் போட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். இது புதிய முறையும் அன்று. கிரெப் கட்டளையில் பல சொற்களைத் தேட -இ என்பதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறோம். நகல் எடுக்கும் ஆர்சிங்கில் பல ஃபோல்டர்களை விலக்க --எக்ஸ்குளூட் என்பதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறோம்.

ஒரே ஆப்ஷனுக்குப் பின்னால் பெயர்களை அடுக்கும் வழியும் உண்டு. எத்தனை மதிப்புகள் என்று சொல்லும் என்ஆர்க்ஸ் என்பதற்கு '+' என்று கொடுத்தால், அடுத்த ஆப்ஷன் வரும்வரை உள்ள எல்லாத் துண்டுகளையும் அது எடுத்துக்கொள்ளும். எழுதுவதற்குச் சுருக்கமாக இருப்பதால் பலர் இதையே முதலில் நாடுகிறார்கள். உங்கள் ஸ்கிரிப்டுக்கு இது வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு மூன்று காரணங்கள் உண்டு. கோப்பின் பெயரைக் கடைசியில் எழுதினால், அதையும் ஒரு நிலையமாக எண்ணி விழுங்கிவிட்டு, கோப்பைக் கொடுக்கவில்லையே என்று ஆர்க்பார்ஸ் கேட்கும். கோப்பை முதலில் எழுதலாம், அல்லது நிலையங்கள் முடிந்த இடத்தில் தனியாக இரண்டு ஹைஃபன் இட்டு அதன்பின் கோப்பை எழுதலாம். ஆனால் ஸ்கிரிப்டை எழுதாத ஒருவர் அதை நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. இரண்டாவது காரணம், யாராவது பழக்கத்தில் ஆப்ஷனை இரண்டு முறை எழுதிவிட்டால் முதல் முறை கொடுத்த பெயர்கள் எல்லாமே போய்விடும். நீங்கள் தப்ப நினைத்த பழைய சிக்கல் அப்படியே திரும்பி வரும்.

மூன்றாவது காரணம் நம் மாவட்டத்துக்கே உரியது. நாளிதழ்களில் வரும் மழையளவுப் பட்டியலில் 'சிற்றாறு 1', 'சிற்றாறு 2' என்று இரண்டு அணைகள் இருக்கின்றன. பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதால் ஷெல்லுக்கு அது இரண்டு துண்டு. '+' முறையில் ஒருவர் மேற்கோள் குறி இல்லாமல் சிற்றாறு 1 சிற்றாறு 2 என்று அடித்தால், ஸ்கிரிப்டுக்கு 'சிற்றாறு', '1', 'சிற்றாறு', '2' என்று நான்கு நிலையங்கள் போய்ச் சேரும். கோப்பைச் சரியான இடத்தில் எழுதியிருந்தால் ஆர்க்பார்ஸ் எந்தப் பிழையும் காட்டாது. அப்படி ஒரு நிலையம் கோப்பில் இல்லாததால் மொத்தம் சுழியம் என்று வரும். பார்ப்பவர் மழையே இல்லை என்று எண்ணிக்கொள்வார். 'அப்பெண்ட்' முறையில் அதே தவறைச் செய்தால் அந்த '1' கோப்பின் இடத்துக்குப் போய், உண்மையான கோப்பு இடமில்லாமல் வெளியே நின்று, பிழை உடனே தெரிந்துவிடும். பெயரை மேற்கோள் குறிக்குள் 'சிற்றாறு 1' என்று அடிப்பதுதான் முறை. அதைவிட நல்லது, சிஎஸ்வி கோப்புகளிலேயே அந்தப் பெயர்களை 'சிற்றாறு-1', 'சிற்றாறு-2' என்று ஹைஃபன் இட்டு மாற்றிவிடுவது.

'எக்ஸ்டெண்ட்' என்ற இன்னோர் ஆக்‌ஷன் பைதான் 3.8-இலிருந்து இருக்கிறது. என்ஆர்க்ஸுக்கு '+' கொடுத்து இதையும் சேர்த்தால், அடுக்கி எழுதினாலும் திரும்ப எழுதினாலும் எல்லாப் பெயர்களும் ஒரே லிஸ்டில் சேரும். மேலே சொன்ன இரண்டாவது காரணம் அதனால் தீரும், மற்ற இரண்டும் தீரா. என்ஆர்க்ஸைக் கொடுக்க மறந்துவிட்டு 'எக்ஸ்டெண்ட்' என்று மட்டும் எழுதினால் விளைவு விபரீதமாக இருக்கும். பெயர் முழுதாகச் சேராமல் குறி குறியாகப் பிரிந்து சேரும். யூனிகோடில் மெய்க்குரிய புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகள் என்பதால், ஆறு எழுத்துள்ள பேச்சிப்பாறை 12 துண்டுகளாக லிஸ்டில் விழும்.

டிஃபால்ட் மதிப்பைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. யாரும் நிலையத்தைக் கொடுக்காவிட்டால் பேச்சிப்பாறை என்று வைத்துக்கொள்ளலாம் என எண்ணி, 'அப்பெண்ட்' ஆப்ஷனுக்கு அந்தப் பெயர் உள்ள லிஸ்டை டிஃபால்டாகக் கொடுத்தீர்களானால், பயனர் பெருஞ்சாணியை மட்டும் கேட்டாலும் இரண்டும் சேர்ந்தே வரும். டிஃபால்டை நீக்காமல் அதன் பின்னால்தான் சேர்க்கிறது. ஆகவே டிஃபால்டைக் கொடுக்காமல் விட்டு, வெற்று மதிப்பாக வந்தால் மட்டும் ஸ்கிரிப்டுக்குள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

காற்புள்ளியிட்டு ஒரே துண்டாக எழுதும் வழி ஒன்றும் உண்டு: பேச்சிப்பாறை,பெருஞ்சாணி. ஓர் ஆப்ஷனுக்குப் பல மதிப்புகள் இருந்தால் அவற்றைக் காற்புள்ளி இட்டோ, மேற்கோளுக்குள் இடைவெளி விட்டோ ஒரே துண்டாகத் தர வேண்டும் என்பது, யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பாசிக்ஸ் தரத்தின் எட்டாம் வழிகாட்டி. கட் கட்டளையில் -எஃப் 1,3 என்று எழுதுவது அப்படித்தான். எண்களுக்கும் ஆண்டுகளுக்கும் இது மிகவும் வசதி. ஊர்ப் பெயர்களை எழுதும்போது நாம் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டே பழகியவர்கள். விட்ட மாத்திரத்தில் ஷெல் அதை இரண்டாக்கிவிடும். எனவே பெயர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக, டைப் என்ற இடத்தில் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால், எத்தனை மதிப்புகள் வந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே அதன் வழியாகப் போய்த்தான் லிஸ்டில் சேரும். அந்த ஃபங்ஷனில் முன்பின் இடைவெளிகளை நீக்குங்கள். கூடவே யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வசதியைக் கொண்டு பெயரை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். கொட்டாரம் என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், மாற்றாமல் ஒப்பிட்டால் பைதான் அவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். கோப்பிலிருந்து படிக்கும் பெயர்களையும் இதே ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள். சாய்சஸ் என்பதில் நிலையங்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டால், பட்டியலில் இல்லாத பெயர் எதுவாக இருந்தாலும் அதை ஏற்காமல் உடனே பிழை காட்டும். சுழியம் என்ற பொய்யான மொத்தத்துக்கு அதன்பின் வழியே இல்லை.

கேள்வி: மாணவர்களின் திட்டப் பணிக்காக, இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட மழையைக் கணக்கிடும் ஸ்கிரிப்ட் ஒன்று தயாராகிறது. தென்மேற்குப் பருவத்தையும் வடகிழக்குப் பருவத்தையும் ஒரே ஓட்டத்தில் ஒப்பிட வேண்டும். --தொடக்கம், --முடிவு என்று தனித்தனி ஆப்ஷன்கள் வைத்தால் எந்தத் தொடக்கத்துக்கு எந்த முடிவு என்று மாணவர்கள் குழம்புகிறார்கள். வேறு வழி உண்டா?
– தோவாளையிலிருந்து ஒரு வாசகி

பதில்: உண்டு, அதுவும் அழகாக அமையும் வழி. --காலம் என்று ஒரே ஆப்ஷனை வைத்து, என்ஆர்க்ஸுக்கு 2 என்ற எண்ணையும் ஆக்‌ஷனுக்கு 'அப்பெண்ட்' என்பதையும் கொடுங்கள்.

--காலம் 2024-06-01 2024-09-30 --காலம் 2024-10-01 2024-12-31

எண்ணிக்கை 2 என்று நிலையாக இருப்பதால், முன் கேள்வியில் சொன்ன விழுங்கும் சிக்கல் இங்கே எழாது. இரண்டை எடுத்ததும் ஆப்ஷன் நின்றுவிடும். ஒரு தேதியை மட்டும் எழுதிவிட்டு அடுத்த ஆப்ஷனுக்குப் போனால், இரண்டு மதிப்புகள் வேண்டும் என்று பிழை வரும். உங்களுக்குக் கிடைப்பது லிஸ்டுக்குள் லிஸ்ட். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு பருவம். ஊர்ப் பெயர்களைச் சேர்க்கும்போது தொல்லையாக இருக்கும் இந்த அடுக்கு, இங்கே நமக்குத் தேவையான அமைப்பாகவே வந்துவிடுகிறது. இந்த இடத்தில் 'எக்ஸ்டெண்ட்' என்று எழுதிவிடாதீர்கள். நான்கு தேதிகளும் ஒரே வரிசையில் கலந்து இணை கலைந்துவிடும்.

டைப் என்பதில் டேட் வகையின் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட்டைக் கொடுத்தால், இல்லாத தேதிகள் வாசலிலேயே தடுக்கப்படும். ஜூன் 31 என்று ஒரு மாணவர் எழுதினால் கணக்கு தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். முடிவு தொடக்கத்துக்கு முந்தியதாக இருக்கிறதா என்பதை ஆர்க்பார்ஸ் பார்க்காது. அதை நீங்கள் லூப்பில் சோதித்து, தவறிருந்தால் பார்சரின் எரர் என்ற வசதியை அழையுங்கள். மெட்டாவார் என்பதில் தொடக்கம், முடிவு என்ற இரண்டு சொற்களையும் ஒரு டியூப்பிளாகக் கொடுத்துவிட்டால், உதவிக் குறிப்பில் அந்தச் சொற்களே தோன்றும். எதை முன்னால் எழுதுவது என்று மாணவர்கள் யாரையும் கேட்க வேண்டியிராது.

கேள்வி: ஊர் வாரியாக உள்ள தேன் கொள்முதல் ஃபோல்டர்களை நகல் எடுக்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். ஆப்ஷன்களைப் படிக்கும் கெட்ஆப்ட்ஸில் -எஃப் என்ற ஆப்ஷனுக்கு மூன்று ஃபோல்டர்களை அடுத்தடுத்துக் கொடுத்தால் முதலாவது மட்டுமே நகலாகிறது. பாஷில் இதற்கு வழி இல்லையா?
– மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: கெட்ஆப்ட்ஸ் ஓர் ஆப்ஷனுக்கு ஒரு மதிப்புக்கு மேல் எடுக்காது. ஹைஃபனில் தொடங்காத துண்டு ஒன்றைக் கண்டதும் ஆப்ஷன்கள் முடிந்துவிட்டன என்று அது நின்றுவிடும். உங்கள் இரண்டாவது ஃபோல்டர் அப்படி ஒரு துண்டு. மீதியை நீங்கள் கவனிக்காததால் பிழையும் வரவில்லை. ஆகவே மூன்று முறை -எஃப் என்று எழுத வைத்து, ஒவ்வொரு முறையும் ஆப்டார்க் என்ற மாறியில் வருவதை, மதிப்புகளை வரிசையாக வைக்கும் ஓர் அரேயில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஷில் மாறிகளின் பெயரும் ஆப்ஷன் எழுத்தும் ஆங்கில எழுத்தாகவே இருக்க வேண்டும்.

சேர்க்கும் வரியில் += குறிக்குப் பின்னால் வட்ட அடைப்புக்குறி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் புதிய உறுப்பு உருவாகாமல், முதல் உறுப்பின் வாலில் இரண்டாவது பெயர் ஒட்டிக்கொள்ளும். 'குழித்துறைகளியல்' என்று இல்லாத ஃபோல்டரை ஸ்கிரிப்ட் தேடிக்கொண்டிருக்கும். அடைப்புக்குள் ஆப்டார்க்கை இரட்டை மேற்கோள் குறியில் வையுங்கள். பிறகு அரேயை லூப்பில் விரிக்கும்போதும் சதுர அடைப்புக்குள் @ இட்டு, முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். இவ்விரண்டு இடங்களில் ஒன்றில் மேற்கோள் விடுபட்டாலும், 'மார்ச் கணக்கு' என்பது போல் பெயரில் இடைவெளி உள்ள ஃபோல்டர் இரண்டாக உடைந்துவிடும்.

ஸ்கிரிப்டை எஸ்ஹெச் என்று சொல்லி ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உபுண்டுவில் அந்தப் பெயரில் இயங்குவது பாஷ் அல்ல, டாஷ். அதில் அரே என்பதே கிடையாது, வட்ட அடைப்புக்குறியைக் கண்டதும் இலக்கணப் பிழை என்று நின்றுவிடும். ஆப்ஷன்களைப் படிக்கும் லூப் முடிந்ததும் ஷிஃப்ட் கட்டளையால் அவற்றை நீக்கி, அதற்கு மேலும் ஏதாவது துண்டு மிஞ்சியிருந்தால் அதைத் திரையில் காட்டி வெளியேறும்படி இரண்டு வரி சேர்த்துவிட்டால், யாராவது பழையபடி பெயர்களை அடுக்கி எழுதும்போது ஒரு ஃபோல்டரும் தெரியாமல் விடுபடாது.

கேள்வி: --கோப்பு என்ற ஆப்ஷனை நீங்கள் சொல்வதுபோல் 'அப்பெண்ட்' ஆக வைத்திருக்கிறேன். ஃபோல்டரில் உள்ள 12 மாதக் கோப்புகளையும் சேர்க்க *.சிஎஸ்வி என்று கொடுத்தால் ஏன் ஏற்பதில்லை?
– குளச்சலிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அந்த நட்சத்திரக் குறியை உங்கள் ஸ்கிரிப்ட் பார்ப்பதே இல்லை. ஷெல் அதை 12 பெயர்களாக விரித்துவிட்டுத்தான் பைதானை அழைக்கிறது. ஆப்ஷன் முதல் பெயரை எடுத்துக்கொள்ள, மற்ற பதினொன்றும் வெளியே நிற்கின்றன. கோப்புகள் இப்படி மொத்தமாக வரக்கூடியவை என்றால் அவற்றை ஆப்ஷனாக வைக்காமல், ஆப்ஷன் பெயர் தேவைப்படாத தனி ஆர்க்யூமெண்டாக அறிவித்து, என்ஆர்க்ஸுக்கு '+' கொடுங்கள். '+' தனக்குரிய இடத்தில் இருப்பது இங்கேதான். மற்ற ஆப்ஷன்களை எல்லாம் முன்னால் எழுதி, கோப்புகளைப் பிரிக்காமல் கடைசியில் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். நடுவில் ஓர் ஆப்ஷன் புகுந்தால் அதற்குப் பின்வரும் கோப்புகளை ஆர்க்பார்ஸ் ஏற்காது.

விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ட்டில் ஷெல் இப்படி விரித்துத் தராது, நட்சத்திரம் அப்படியே ஸ்கிரிப்டுக்கு வரும். அங்கும் ஓட வேண்டுமானால் குளோப் மாட்யூலால் நீங்களே விரித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ஷெல் விரித்துத் தருவது பெயர்களின் அகரவரிசையில். மாதப் பெயரைக் கோப்பின் பெயராக வைத்தால் அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்ற வரிசையில் வந்து சேரும். 2024-01, 2024-02 என்று பெயரிட்டு வைத்தால் ஜனவரியிலிருந்தே வரிசையாக வரும்.